வரிசை, சரம், சங்கிலி

மகனே,

இங்கே எல்லோரும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. கோபத்தில்தான் பதில் போடவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்து தொழிற்பேட்டை எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போதே எனக்குள் இருப்பதெல்லாம் தீர்ந்துபோய்விடுகிறது. சைக்கிளில் ஏறி மிதிக்கக்கூட அலுப்பாக இருக்கிறது, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருகிறேன். காலமெல்லாம் சைக்கிள் சங்கிலி செய்த மனுஷன் சைக்கிளை மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று உன் அம்மா கிண்டல் செய்கிறாள். சிரிக்கவும் அலுப்பாக இருக்கிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். குமணன்சாவடிப் பெண்ணை நீ கட்டிக்கொள்வதில் எனக்கு முழுச் சம்மதம். மூத்தவள் வசந்தா இருக்கும்போது இளையவன் உனக்குச் செய்யக்கூடாது என்று இத்தனை வருஷம் நான் பிடித்த பிடிவாதத்தை விட்டுவிட்டேன். பெண் வீட்டார் தை மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்கிறார்கள். காத்திருங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. தையிலேயே வைத்துக்கொள்ளலாம். என் மனத்தாங்கல் கல்யாணத்தைப் பற்றி இல்லை. உன் கடிதத்தின் கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறாயே நாலு வரி, அதைப் பற்றி. பெரியப்பா சொல்வதுபோல, கல்யாணச் சமயத்தில் அக்காவைச் செம்பரம்பாக்கம் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம், நாத்தனார் முடிச்சைப் பெரியப்பா மகளே போடட்டும், அக்காவுக்கும் நாலு பேர் கேள்வி கேட்கிற சங்கடம் இருக்காது, நானும் இந்த க்யூவில் எவ்வளவு காலம்தான் நிற்பது, என்று எழுதியிருக்கிறாய்.

தாலியில் முதல் முடிச்சை நீ போடுவாய். மீதி இரண்டையும் போடவேண்டியவள் உன் கூடப் பிறந்தவள். உனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். இதை நான் சொல்லி உனக்குத் தெரியவேண்டியதில்லை.

நீ க்யூ என்கிறாய். பெரியப்பா வரிசை என்கிறார். உன் அம்மாவுக்கு அது சரம். நான் சங்கிலி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே சமாசாரத்துக்கு இந்த வீட்டில் ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறோம். அதில் உன் பேர்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் க்யூ என்றால் என்னவென்று உன்னைவிட வசந்தாவுக்குத்தான் தெரியும்.

அரிசி கிடைக்காமல் அலைந்த அந்த வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். ரேஷன் கடை வாசலில் பொழுது விடிவதற்கு முன்பே செங்கல்கள் வரிசையாக நிற்கும். அவ்வளவு நேரம் மனுஷனால் நிற்க முடியாது என்று ஆளுக்கொரு கல், கிழிந்த பை, ஒற்றைச் செருப்பு என்று போட்டுவிட்டுப் போவார்கள். இருந்தாலும் கல்லை நகர்த்துகிறவர்களும் இருந்ததால் நம் வீட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் வசந்தா காவல் நிற்பாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது இருக்கும். ஒருநாள் அவளுக்குப் பரீட்சை. உன்னை அங்கே நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். நீ உன் புது ரப்பர் செருப்பைக் கல்லுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டுக் கோலி ஆடப் போய்விட்டாய். திரும்பி வந்து பார்த்தால் கடை மூடியிருந்தது, செருப்பும் இல்லை. உன் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "செருப்ப நான்தாம்மா போட்டுகினு போய் தொலைச்சேன். க்யூவயும் நான்தான் உட்டுட்டேன். அவன் இன்னா பண்ணுவான்?" என்று வசந்தா குறுக்கே வந்து நின்றாள். விளக்குமாறு அவள் முதுகில் விழுந்தது. அந்த வாரம் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றோம். நடந்தது என்ன என்பதைப் பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய். வசந்தாவும் உன்னோடு சேர்ந்து சிரித்தாள். உன் அம்மாதான் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் கதைக்கு வருகிறேன். செம்பரம்பாக்கத்துப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் நாற்றுப் பிடுங்கின கையோடு எஸ்டேட்டுக்கு வந்தவன் நான். இரண்டு தகடு, நடுவில் உருளை, குறுக்கே ஒரு பின். பின்னை அழுத்தினால் ஒரு கண்ணி. அதோடு அடுத்தது, அதோடு அடுத்தது. ஒரே ஒரு கண்ணி இறுகிப்போய் மடங்காமல் நின்றாலும் சங்கிலி பல்சக்கரத்தில் சரியாக உட்காராது, உதறிக்கொண்டே இருக்கும். இதையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு உலகமும் அப்படித்தான் தெரிந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், பஸ் நேரத்துக்கு வரவில்லை என்றாலும், எந்தக் கண்ணி இறுகியது என்று கேட்பேன். "இது ஊடா, ஃபாக்டரியா?" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். வசந்தாவுக்கு வரன்கள் தட்டிப்போக ஆரம்பித்ததும், உன் ஜாதகத்தைக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "முன்னாடி கண்ணி நகராம பின்னாடி கண்ணி எப்டி நகரும்?" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். வசந்தாவின் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன். அப்பன் தன் பக்கம் நிற்கிறான் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று எண்ணம். இறுகிப்போன கண்ணி என்று அவளைத்தான் சொல்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஃபாக்டரியில் வேலை செய்கிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

வரன்கள் வராமல் இல்லை. ஆவடியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவளை நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். குனிந்து தட்டை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு தட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனவர்கள்தான், அப்புறம் தபால்கூட இல்லை. காட்டுப்பாக்கத்துக்காரர்களுக்கு எல்லாமே பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையும் நல்ல பையன். கிளம்பும்போது, பொண்ணு வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். நாங்கள் வாய் திறப்பதற்குள், "வேலைய உடமாட்டேங்க" என்று இவள் அந்தப் பையனை நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவள் வேலை பார்க்கும் மோட்டார் கம்பெனியில் காயில், அதாவது செம்புக்கம்பிச் சுருள், சுற்றும் பெண்களிலேயே கை வேகம் அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொல்வார். உன் படிப்பும் அப்போது அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. உனக்காகச் சொன்னாளா, அந்த வேலை பிடித்துப்போய்ச் சொன்னாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொண்ணை வைத்துச் சம்பாதிக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து நான் இன்னும் வேகமாக வரன் தேடினேன். பாயை விரிப்பதும் பஜ்ஜி சுடுவதும் பாயைச் சுருட்டுவதுமாகவே அத்தனை வருஷமும் போயிற்று. அவளை உட்காரவைத்து, உனக்கு என்னதாம்மா வேணும் என்று ஒரு வார்த்தை கேட்க எங்களுக்கு ஒழியவில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் வீட்டில் நிஜமாகவே ஒரு சங்கிலி இருந்தது, மகனே. பேச்சுச் சங்கிலி. உனக்கு ஒன்று வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வாய், அம்மா என்னிடம் சொல்வாள், நான் இருமிவிட்டு வசந்தாவிடம் சொல்வேன். யாரும் யாரிடமும் நேராகப் பேசியதில்லை. குமணன்சாவடிப் பெண் விஷயத்தையே எடுத்துக்கொள். நீ பெரியப்பாவிடம் சொன்னாய், அவர் என்னிடம் சொன்னார், நான் உன் அம்மாவிடம் சொன்னேன். வசந்தாவிடம் அவள் சொல்லிக்கொள்வாள் என்று நானும், நான் சொல்லிக்கொள்வேன் என்று அவளும் இருந்துவிட்டோம். கடைசியில் குமணன்சாவடியிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு பெண், "உன் தம்பிக்கு எங்க தெருவுல பொண்ணு பாத்துகீறாங்களாமே" என்று இவளிடம் கேட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வசந்தா கையில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தாள். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, "நம்ம ஊட்டு நல்ல சேதிய தெருவுல கேட்டு தெரிஞ்சிக்க வேண்டியதா கீது" என்று சிரித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் பெரியப்பா வந்தார். என் அண்ணன் நல்ல மனுஷர்தான், ஊர் வாய்க்கு மட்டும் பயம். நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னாடா, ஒரு நாள் கூத்துதானே. அவள மேடைல நிக்க வச்சா வர்றவன் போறவன்லாம், மூத்தது இன்னும் கீதேன்னு கேப்பான். பொண்ணு ஊட்டுக்காரங்க மூஞ்சி எப்டி இருக்கும்? நாலு நாள் அத்த ஊட்ல இருந்துட்டு வரட்டும்."

"முடிச்ச யார் போட்றது அண்ணாத்தே?"

"எம் பொண்ணு போட்டுட்டு போறா. கல்யாணமாயி ரெண்டு புள்ள பெத்தவ, நல்லதுதானே? வரிசை முன்ன பின்ன ஆயிடுச்சி, ஆவட்டும். அத்த ஊர் முழுக்க காட்டிகினு இருக்கணுமா?"

உன் அம்மா பூந்தமல்லியில் பூக்கட்டி வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். "கட்டின சரத்துல நடுவால ஒரு பூவ உருவிப் பாருங்க மாமா, மிச்ச பூ நிக்குதான்னு" என்றாள். அண்ணனுக்கு எதிரில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் "நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். வசந்தா பின்பக்கம் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அத்தை வீடு என்ற பேச்சு வந்ததுமே அந்தச் சத்தம் நின்றுபோனது. பெரியப்பா கிளம்பிப் போகிறவரைக்கும் மறுபடி கேட்கவில்லை.

பெரியப்பா பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று இருந்தேன். அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. அவர் உனக்கும் எழுதியிருக்கிறார், நீயும் சரி என்று சொல்லியிருக்கிறாய்.

உன் கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்த அன்றைக்கு வசந்தாவிடம் நானே சொன்னேன். அதையாவது நேராகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. "உனக்கு முந்தி தம்பிக்குப் பண்றோம்மா, மனசுல ஒண்ணும் வெச்சிக்காத" என்றேன். அவள் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "முந்தியாவது பிந்தியாவது. நான் எந்த வரிசைலயும் நிக்கல நைனா. இது என் ஊடு, இங்க கீறேன். அவ்ளோதான்" என்றாள். சலிப்பாகச் சொன்னாளே தவிர கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நாம் ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்கு அவள் பேரே வைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்படி ஒன்று இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை. அது நம் தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது.

பிறகு கொத்தவரங்காயை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"தம்பி லெட்டர் போட்டானா நைனா?"

"போட்டான்."

"என்னப் பத்தி இன்னா எழுதிகீறான்?"

"சவுக்கியமான்னு கேட்டுகீறான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

நறுக்கிக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "கல்யாணத்துக்குன்னு ஒரு பட்டுப்பொடவ பாத்து வெச்சிகீறேன். மாம்பழக் கலரு. எடுக்கட்டுமா, வாணாமா? ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா அதுக்கேத்த மாதிரி நான் பாத்துக்குவேன்" என்றாள்.

எடுத்துக்கோம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் நாலு வரி குறுக்கே வந்து நின்றது. "இன்னும் நாள் கீதேம்மா" என்றேன். "சரி" என்றாள். புடவையைப் பற்றி அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். இருபது வருஷம் இரும்போடு மல்லுக்கு நின்றவன், அந்த ஒரு நிமிஷம் தாங்கமுடியாமல் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

மகனே, உன் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. மறைக்கவில்லை. போன மாதம் பெங்களூர் பஸ்ஸில் வந்து குமணன்சாவடியில் இறங்கி, பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து இத்தனூண்டு தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனாய் என்று கேள்விப்பட்டேன். அக்கா முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூச்சம் இருக்கிறவரைக்கும் நீ கெட்டுப்போகவில்லை என்று ஆறுதலும் பட்டுக்கொண்டேன். நாளைக்கு உன் பெண்டாட்டியிடமாவது நேராகப் பேசிப் பழகு. அம்மா வழியாகவும் மாமியார் வழியாகவும் சேதி சொல்லி அனுப்பாதே. நான் உன் அம்மாவிடம் அப்படித்தான் பாதி வாழ்க்கையை ஓட்டினேன். கல்யாணமாகிற மகனுக்கு ஒரு அப்பன் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

முடிச்சை வசந்தாதான் போடவேண்டும் என்று நான் கறாராகச் சொல்லிவிடலாம். சொன்னால் நீயும் கேட்பாய், பெரியப்பாவும் முனகிக்கொண்டே அடங்கிவிடுவார். ஆனால் அப்பன் சொல்லித் தம்பி கூப்பிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் மேடை ஏறமாட்டாள். அத்தை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று நானே அவளிடம் சொல்லவும் என்னால் முடியாது. அவளிடம் இந்த வீட்டின் சேதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஒரு சேதியை நான் சுமக்கமாட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. பெரியப்பாவுக்கும் எழுதாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்து வா. நானும் உன் அம்மாவும் பூந்தமல்லிக்குப் போய்விடுகிறோம். அவளுக்கு அன்றைக்கு லீவு, வீட்டில் அவள் மட்டும்தான் இருப்பாள். முடிச்சுப் போட வா அக்கா என்று கூப்பிடத்தான் மனசு சொல்கிறதென்றால் கூப்பிடு. வேண்டாம் என்பதுதான் உன் முடிவு என்றால் அதையும் அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். நான் குறுக்கே வரமாட்டேன். அவள் அழமாட்டாள், சண்டையும் போடமாட்டாள். "சரி தம்பி" என்பாள். பஸ்ஸில் வந்தவன் பசியோடு இருப்பான் என்று உனக்கு இலை போட்டுச் சோறு போடுவாள். உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் நைனா